கொலுவுக்கு ஒரு லேசர் கோபுரம்

வீட்டுக்குள் விஞ்ஞானம்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்ளலாம். ஆடி பிறந்துவிட்டது. நவராத்திரிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் பாட்டி இப்போதே பரணில் இருக்கும் கொலுப் பெட்டிகளைக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இந்த வருஷம் படிக்குப் பக்கத்துல நம்ம ராஜகோபுரம் நிக்கணும். கடையில விக்கற பொம்மை வேண்டாம். பதிமூணு நிலையையும் வர்றவா எண்ணிப் பாக்கணும்" என்கிறார்.

பேரனுக்குத் துவாக்குடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் வருடம். உடனே கணக்குப் போட்டுவிட்டான். 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட கோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது ஏறத்தாழ 72 மீட்டர். இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 36 சென்டிமீட்டர். கொலுவுக்குச் சரியான அளவு. ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் நான்கு சுவர், அதில் வாசல், மாடம், தூண் என்று நூற்றுக்கணக்கான துண்டுகள் வரும். பைண்டிங் அட்டையைக் கத்தியால் வெட்டி மாளாது.

"லேசர்ல வெட்டிடலாம் பாட்டி. பெரிய மிஷின் எல்லாம் வேண்டாம். டயோடு வாங்கி நானே பண்றேன்."

ஸ்டெப்பர் மோட்டார் வைத்து, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பேனாவால் படம் வரைகிற மேசை ஒன்றை அவன் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறான். பேனா இருக்கும் இடத்தில் லேசரைப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த தாத்தா, பெல் தொழிற்சாலையில் முப்பது வருடம் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"கண்ணுக்கு என்னடா வெச்சிருக்க?"

"ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் மொட்டை மாடியில ஒரே ஒரு செகண்ட் போட்டுப் பாத்துட்டு அணைச்சிடுவேன் தாத்தா. நேரா பாக்கவே மாட்டேன்."

தாத்தா ஊஞ்சலை நிறுத்திவிட்டார்.

வீடுதான் கற்பனை, பேரன் நிஜம். லேசர் டயோடும் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களும் இன்று வீட்டு வாசலுக்கே பார்சலில் வருகின்றன. ஆர்வமுள்ள பிள்ளையைத் தடுக்கவும் மனசில்லாமல், விடவும் பயந்து நிற்கிற வீடுகளுக்காக, அந்தப் பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

மாணிக்கத்தில் தொடங்கிய கதை

1960 மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை ஒளிரவைத்தார். அதன் நடுவில் இருந்தது ஒரு செயற்கை மாணிக்கத் துண்டு. திருச்சிக்காரர்களுக்குச் செயற்கைக் கல் புதிதல்ல. அதைப் பட்டை தீட்டுவது இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். நம் ஊரில் மோதிரத்துக்குப் போகிற மாதிரிக் கல்லிலிருந்துதான் அங்கே முதல் லேசர் ஒளி வந்தது.

இரண்டே வருடத்தில், 1962-ல், ராபர்ட் ஹால் என்ற விஞ்ஞானி மாணிக்கத்துக்குப் பதிலாகக் குறைக்கடத்தித் துண்டில் மின்சாரம் பாய்ச்சியே லேசரை வரவழைத்தார். அதுதான் லேசர் டயோடு. ஆரம்பத்தில் கடும் குளிரில் வைத்தால்தான் வேலை செய்தது. 1970-ல் சாதாரண அறை வெப்பத்திலேயே தொடர்ந்து எரியும் டயோடு வந்தது. பிறகு சி.டி., டி.வி.டி. என்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நீல நிறம் மட்டும் நீண்ட காலம் பிடிபடவில்லை. 1990-களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகாமுரா அதைச் சாதித்தார். 2010 வாக்கில் நீல லேசர் டயோடுகளை வரிசையாக வைத்த புரொஜெக்டர்கள் சந்தைக்கு வந்தன. அவற்றைப் பிரித்து டயோடுகளை எடுத்துப் பழகியவர்களால்தான் இந்தப் பொழுதுபோக்கே வளர்ந்தது.

டயோடு பார்க்க அற்பமாக இருக்கும். 5.6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு உலோகக் குப்பி, பின்னால் இரண்டு அல்லது மூன்று கால்கள். பெரிய மிளகு அளவுதான். அதற்குள் ஒளி வெளியேறும் ஜன்னல் ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. ஒன்றரை வாட் ஒளி அந்த இடுக்கு வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதனால்தான் அட்டையும் வெட்டுகிறது. அதனால்தான் சுலபத்தில் கெட்டும் போகிறது.

எந்த நிறம், எத்தனை வாட்?

நிறத்தை நானோமீட்டரில் சொல்வார்கள். பழைய டி.வி.டி. ரைட்டரில் இருப்பது 650-ஐ ஒட்டிய சிவப்பு. சக்தி சில நூறு மில்லிவாட்டைத் தாண்டாது. சிவப்பு டயோடுக்குச் சூடு ஆகவே ஆகாது. கொஞ்சம் சுட்டாலே வெளிச்சம் குறைந்துவிடும். 405 ஊதா, புளூ-ரே சாதனங்களில் இருப்பது. 520 பச்சை கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் என்பதால் மேடை விளக்குக்கு நல்லது. வெட்டுவதற்கும் பொறிப்பதற்கும் ஏற்றது 450-ஐ ஒட்டிய நீலம். மரமும் அட்டையும் அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கொடுக்கிற காசுக்கு வாட்டும் அதிகம்.

808 என்று போட்டிருந்தால் அது அகச்சிவப்பு. கண்ணுக்கு அனேகமாகத் தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. முதல்முறை செய்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது சக்தி. ஒன்றரை வாட் நீல டயோடு அட்டை, காகிதம், துணி வெட்டும். மரத்தில் எழுத்துப் பொறிக்கும். 5 வாட் என்றால் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டைச் சிலமுறை ஓட்டி வெட்டலாம். 10, 20 வாட் லேசர் தலைகளில் ஒரே டயோடு இருக்காது. பல டயோடுகளின் ஒளியை ஒன்றுசேர்த்திருப்பார்கள். பாட்டியின் அட்டைக் கோபுரத்துக்கு ஒன்றரை வாட் டயோடே போதும். மெதுவாக, இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டியிருக்கும். நவராத்திரிக்குத்தான் நாள் இருக்கிறதே.

இங்கே ஒரு பொறி உண்டு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் '40 வாட்' என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் பார்த்தால் அது கருவி இழுக்கும் மின்சாரம். வெளியே வரும் ஒளி 5 வாட்தான் என்று தெரியும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒளியாக எத்தனை வாட்? அதற்கு நேரான பதில் இல்லாத பொருளை விட்டுவிடலாம். தனி டயோடாக வாங்கினால் மாடல் எண்ணும் அதன் டேட்டா ஷீட்டும் கையில் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பெயர் தெரியாத டயோடு வேண்டாம். அதற்கு எத்தனை கரன்ட் கொடுப்பது என்பதே தெரியாது.

பாட்டிக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. "அப்படியே என் எவர்சில்வர் டப்பா, பித்தளைக் குடத்துல எல்லாம் பேர் வெட்டிடுவியா?"

முடியாது. பித்தளையும் செம்பும் சூட்டை உடனே பரப்பிவிடும். ஒளியைத் திருப்பியும் அடிக்கும். எவர்சில்வரில் 5 வாட்டுக்கு மேலே இருந்தால் கறுப்பாக அடையாளம் போடலாம், அவ்வளவுதான். பாத்திரக் கடைக்காரர் கர்ர்ரென்று ஓட்டும் அந்தப் பேனாவே பாத்திரத்துக்கு நல்லது. நிறமில்லாத அக்ரிலிக் பலகையையும் நீல லேசர் வெட்டாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் போவதுபோல அதைத் தாண்டிப் போய்விடும்.

தாத்தாவின் செட்டும் பேரனின் டயோடும்

பேரன் செய்யப்போகும் முதல் தப்பு என்னவென்று பழகியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். டேட்டா ஷீட்டில் 4.8 வோல்ட் என்று இருக்கிறது. 5 வோல்ட் மொபைல் சார்ஜர் வீட்டில் இருக்கிறது. நேராகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பான். பல்புக்கு அந்தக் கணக்கு சரி. டயோடுக்குச் சரியில்லை.

டயோடு ஒரு அணைக்கட்டின் மதகு மாதிரி. ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ் வரும்வரை ஒன்றும் போகாது. அதைத் தாண்டிவிட்டால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே கரன்ட் மளமளவென்று ஏறும். கூடவே இன்னொன்றும் நடக்கும். டயோடு சூடானால் அதற்குத் தேவையான வோல்டேஜ் குறையும். கொடுக்கிற வோல்டேஜ் அப்படியே இருப்பதால் கரன்ட் இன்னும் கூடும். கரன்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மறுபடி கரன்ட் கூடும். இந்தச் சுற்று முடிவதற்குள் அந்த இடுக்கு ஜன்னலின் முகம் கருகிவிடும். பிறகு அது லேசர் இல்லை. மங்கலாக எரியும் விலை உயர்ந்த எல்.இ.டி.

ஆகவே டயோடுக்கு வோல்டேஜை நிலையாக வைக்கக் கூடாது. கரன்ட்டைத்தான் நிலையாக வைக்க வேண்டும். அதைச் செய்யும் சர்க்யூட்டுக்குத்தான் டிரைவர் என்று பெயர்.

இதைத் தாத்தாவுக்குப் புரியவைக்க வேண்டியதே இல்லை.

"எங்க வெல்டிங் செட்டும் அதேதானடா. குச்சியைத் தொடறதுக்கு முன்னாடி அறுபது எழுபது வோல்ட் காட்டும். ஆர்க் பிடிச்சதும் இருபது சொச்சத்துக்கு இறங்கிடும். கை நடுங்கும், குச்சி ஏறும் இறங்கும், வோல்டேஜ் ஆடிண்டே இருக்கும். கரன்ட் மட்டும் வெச்ச இடத்துல நிக்கணும். அது நின்னாதான் தையல் ஒழுங்கா வரும்."

அவர் சொல்வது சரி. கையால் செய்யும் ஆர்க் வெல்டிங்கில் இயந்திரம் கரன்ட்டை ஏறத்தாழ நிலையாகத்தான் பிடித்துக்கொள்கிறது. தாத்தாவுக்கு நூறு ஆம்பியருக்கு மேல். பேரனுக்கு ஒன்றே கால் ஆம்பியர். தத்துவம் ஒன்றுதான்.

ஒன்றே கால் வகுத்தல் கணக்கு

முதல் டிரைவரைச் செய்து கற்றுக்கொள்ள எல்.எம். 317 என்ற பழைய மூன்று கால் ஐ.சி. போதும். அதன் இரண்டு கால்களுக்கு நடுவே எப்போதும் 1.25 வோல்ட்டைப் பிடித்துக்கொள்வது அதன் குணம். அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்தால், 1.25-ஐ அதன் ஓம் மதிப்பால் வகுத்து வருவதுதான் கரன்ட்.

டயோடின் டேட்டா ஷீட்டில் 1.2 ஆம்பியர், 4.8 வோல்ட், ஒளி 1.6 வாட் என்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு 2.2 ஓம் ரெசிஸ்டரைப் பக்கவாட்டில் இணைத்தால் 1.1 ஓம். 1.25-ஐ 1.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.14 ஆம்பியர். சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கீழே. அதுதான் வேண்டும். கடைசிப் பத்து சதவீத வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு டயோடின் ஆயுளைக் குறைத்துக்கொள்வது லாபமில்லை. அந்த ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்றிலும் முக்கால் வாட் அளவுக்குச் சூடு இறங்கும். 2 வாட் தாங்குவதாக வாங்க வேண்டும்.

மின்சாரம் எத்தனை வோல்ட்டில் வர வேண்டும்? டயோடுக்கு 4.8, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்கு உள்ளே ஏறத்தாழ 2. மொத்தம் 8 வோல்ட்டுக்கு மேல். ஆகவே 9 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் சரியாக இருக்கும். வீட்டில் 12 வோல்ட் அடாப்டர்தான் இருக்கிறது என்றால் அதிலும் ஓடும். ஆனால் மிச்ச வோல்ட் எல்லாம் ஐ.சி.யில் சூடாக மாறும். 9 வோல்ட்டில் அது மூன்றரை வாட்டுக்குள். 12-ல் ஏறத்தாழ 7 வாட். இரண்டுக்கும் ஹீட் சிங்க் வேண்டும், இரண்டாவதற்குப் பெரிதாக. ஐ.சி.யின் உலோக முதுகு அதன் அவுட்புட்டோடு இணைந்தது. ஹீட் சிங்குக்கு நடுவே மைக்கா தகடு வைக்காமல் முடுக்கினால் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு.

வெட்டும் மேசைக்குப் போகும்போது எல்.எம். 317 போதாது. கம்ப்யூட்டர் சொல்கிற வேகத்துக்கு லேசர் நொடிக்கு ஆயிரம் தடவை அணைந்து எரிய வேண்டும். அதற்கு டி.டி.எல். சிக்னல் ஏற்கிற ஸ்விட்சிங் வகை கரன்ட் டிரைவர் தயாராகவே கிடைக்கிறது, சூடும் குறைவு. வாங்கியதும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சிக்னல் வயர் எங்கும் இணைக்காமல் தொங்கினால் டிரைவர் அணைந்திருக்கிறதா, எரிகிறதா? சில டிரைவர்கள் எரியும். அப்படியானால், கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் அந்தச் சில விநாடிகளில் லேசர் தானாகப் பற்றிக்கொள்ளும். சிக்னல் இல்லையென்றால் ஒளி இல்லை என்றிருக்கும் டிரைவரைத்தான் எடுக்க வேண்டும்.

கரன்ட் போய் வருவதும் நம் ஊரில் சகஜம். போன மின்சாரம் திரும்பி வரும்போது லேசரும் தானாக எரியக் கூடாது. பட்டனை மறுபடி அழுத்தினால்தான் எரியும்படி ஒரு ரிலே வைப்பது பெரிய செலவில்லை.

டயோடைக் கொல்லும் மூன்று

டிரைவர் தயார் என்றதும் டயோடைத்தான் முதலில் மாட்டத் தோன்றும். கூடாது. முதலில் மாட்ட வேண்டியது பலியாடு. 3 ஆம்பியர் தாங்கும் சாதாரண 1என்5408 டயோடுகள் ஆறை வரிசையாக இணைத்தால் ஏறத்தாழ 4.8 வோல்ட் எடுத்துக்கொள்ளும். லேசர் டயோடு இருப்பதாகவே டிரைவர் நம்பிவிடும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி வரிசையில் சேர்த்துக் கரன்ட்டைப் பார்க்கலாம். 1.14 காட்டி, பத்து நிமிடம் ஆனபிறகும் அங்கேயே நின்றால் டிரைவர் தேறிவிட்டது.

அதன்பிறகும் டயோடு சாகிற வழிகள் முக்கியமாக மூன்று.

முதலாவது, உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம். பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றும்போது சடசடக்குமே, அதுதான். நமக்கு வலிக்காத அளவே டயோடுக்கு மரணம். எர்த் செய்த கைப்பட்டை கட்டிக்கொண்டு, எர்த் உள்ள சால்டரிங் அயனைக் கொண்டு, டயோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஒன்றாக்கி வைத்துப் பற்றவைக்க வேண்டும். வேலை முடிந்து, வயர் டிரைவரில் சேர்ந்தபிறகு அந்தக் கம்பியை எடுத்தால் போதும்.

இரண்டாவது, லூஸ் கனெக்‌ஷன். டிரைவரின் அவுட்புட்டில் கெபாசிட்டர் இருக்கும். டயோடு ஒரு நொடி விலகினால் கரன்ட் போக வழியில்லாமல் கெபாசிட்டர் முழு வோல்டேஜுக்கு ஏறிக்கொள்ளும். மறுநொடி டயோடு தொட்டதும் அத்தனையும் ஒரே மூச்சில் அதற்குள் கொட்டும். ஆகவே கிளிப் மாட்டி ஓட்டுவது ஆகாது; பற்றவைத்தே ஆக வேண்டும். மின்சாரம் இருக்கும்போது டயோடைக் கழற்றவும் கூடாது, மாட்டவும் கூடாது. அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் வடிய நேரம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, சூடு. 1.2 ஆம்பியரை 4.8 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவது 5.8 வாட்டை ஒட்டி. ஒளியாக வருவது 1.6. மீதி நாலு வாட்டுக்கு மேல், மிளகு அளவு இடத்தில் சூடாக நிற்கிறது. டயோடை இறுக்கமான செம்பு அல்லது பித்தளை உறையில் அழுத்தி, தெர்மல் பேஸ்ட் தடவி, துடுப்பு வைத்த அலுமினிய ஹீட் சிங்கில் பொருத்தி, சின்ன ஃபேன் ஒன்றையும் ஓடவிட வேண்டும். குளிர்நாட்டுக்காரர்கள் போட்டுக் காட்டும் அளவு ஹீட் சிங்கைக் கத்திரி வெயிலில் 40 டிகிரி தொடும் திருச்சிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்ந்து கை வைக்க முடியாத அளவு உறை சுட்டால் வேலையை நிறுத்த வேண்டும். சில டயோடுகளில் உலோகக் குப்பியே ஒரு காலோடு இணைந்திருக்கும். டேட்டா ஷீட்டில் அதையும் பார்த்துவிட்டுத்தான் இரும்புச் சட்டத்தில் முடுக்குவது நல்லது.

உதிரிபாகம் இல்லாத உறுப்பு

டயோடு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தாத்தா ஊஞ்சலை நிறுத்தியது அதற்காக இல்லை.

"எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஆர்க் அடிச்சிருக்குடா. ஷீல்டு இறக்கறதுக்குள்ள பக்கத்துல இருந்தவன் தட்டிட்டான். ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணுல மணல் அள்ளிப் போட்டாப்ல எரிச்சல். ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. அதனால எல்லாம் சரியாப் போகும்னு நினைச்சுடாதே."

ஆர்க் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிர் கண்ணின் வெளித்தோலான கருவிழியைச் சுடுகிறது. அது பெரும்பாலும் ஓரிரு நாளில் தோல் மாதிரி ஆறிவிடும். லேசர் வெளியே நிற்பதில்லை. நீல ஒளி நேராக உள்ளே போகும். கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கும். அங்கே செறிவு லட்சம் மடங்கு வரை கூடலாம். பெரும்பாலும் வலி இருக்காது. ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். எங்கே பார்த்தாலும் கூடவே வரும். கருகிய விழித்திரை திரும்ப வளராது.

கண்ணை மூடிக்கொள்ளலாமே என்றால், கூசும் வெளிச்சத்துக்கு இமை மூடச் சுமார் கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடிக்குத் தாங்கும் அளவு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டது ஒரு மில்லிவாட். பேரனின் டயோடு 1,600 மில்லிவாட். அரை வாட்டைத் தாண்டினாலே நான்காம் வகுப்பு லேசர், அதாவது ஆபத்து அதிகமான கடைசி வகுப்பு. இந்த வகுப்பில் நேராகப் பார்த்தால்தான் ஆபத்து என்பதில்லை. எவர்சில்வர் டம்ளர், மோதிரம், வளையல், டைல்ஸ் தரை என்று எதில் பட்டுத் திரும்பினாலும் ஆபத்து. ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் அட்டையில் விழும் பொட்டை உற்றுப் பார்ப்பதே ஆபத்து. இருட்டில் செய்வது இன்னும் மோசம்; பாப்பா விரிந்து அதிக ஒளியை உள்ளே விடும். "ராத்திரி மாடியில ஒரே ஒரு செகண்ட்" என்பதில் ஒவ்வொரு சொல்லும் தப்பு.

தாத்தாவின் பழைய வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளலாமா? கூடாது. அது வேறு வேலைக்குச் செய்தது. கூலிங் கிளாஸ் சுத்தமாகக் கூடாது. லேசர் கண்ணாடியில் இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும். ஒன்று, எந்த நானோமீட்டர் வரம்புக்கு என்பது. 450-ஐ உள்ளடக்கியிருக்க வேண்டும். இன்னொன்று, ஓ.டி. என்கிற எண். ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை விடும். 1,600 மில்லிவாட்டில் 1.6 உள்ளே வரும். அது போதாது. ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, 0.16 மில்லிவாட். 4-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 5 இருந்தால் இன்னும் நல்லது. இயந்திரத்தோடு இலவசமாக வரும், எண் ஏதும் எழுதாத பச்சைக் கண்ணாடியை நம்பிக் கண்ணைக் கொடுக்க முடியாது. நல்ல கண்ணாடியே ஆனாலும் அது தப்பித் தெறிக்கும் ஒளிக்காகத்தான். போட்டுக்கொண்டு கதிரை நேராகப் பார்ப்பதற்கு அல்ல.

கண்ணாடியைவிட நல்லது பெட்டி. நான்கு பக்கமும் மேலும் மூடிய மரப்பெட்டிக்குள் மேசையை வைத்து, கதவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால், கதவு திறந்ததும் லேசருக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். உள்ளே பார்க்க ஒரு வெப் கேமரா போதும். தண்ணீர் குடிக்க மாடிக்கு வரும் பாட்டியையும், விளையாட வரும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் காப்பது அந்தப் பெட்டிதான். அவர்கள் யாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரமாட்டார்கள்.

புகை, நெருப்பு, வானம்

அட்டை வெட்டினால் புகை வரும். மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று பம்பிலிருந்து ஒரு குழாயை வெட்டும் புள்ளிக்குக் கொண்டுவந்தால் புகை லென்ஸில் படியாது, தீயும் பிடிக்காது. பெட்டியின் பின்னால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். ரெக்சின், பி.வி.சி. பக்கம் போகவே கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு. நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். எரியும் லேசரை விட்டுவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே இறங்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணலோ தீயணைப்பானோ இருக்க வேண்டும்.

வெட்டுகிற வேலை முடிந்ததும் "எவ்வளவு தூரம் போறது பாக்கலாம்" என்று வானத்தை நோக்கித் திருப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். திருச்சி விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் ஊருக்கு மேலேதான் தாழ்ந்து வருகின்றன. பல கிலோமீட்டருக்கு அப்பாலும் லேசர் வெளிச்சம் விமானியின் கண்ணைக் கூசவைத்து, இறங்கும் நேரத்தில் எதுவும் தெரியாமல் செய்துவிடும். அது விளையாட்டல்ல, சட்டப்படி குற்றம்.

ஆனைக்கா பிள்ளை

ஸ்ரீரங்கத்திலிருந்து கூப்பிடு தூரம் திருவானைக்கா. சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தது அங்கேதான். 1928-ல் அவர் கண்டுபிடித்த ராமன் விளைவு, ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுவதைப் பற்றியது. ஏறத்தாழ கோடியில் ஒன்று. அவர் காலத்தில் லேசர் இல்லை. பாதரச விளக்கு வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோடியில் ஒன்றைப் பிடித்தார். 1930-ல் நோபல் பரிசு வந்தது.

இன்று கல் அசலா போலியா, மாத்திரை சுத்தமா கலப்படமா என்று பார்க்கும் கையடக்க ராமன் கருவிகள் பலவற்றுக்குள் ஒரு லேசர் டயோடு இருக்கிறது. அதற்கு வாட் கணக்கில் சக்தி தேவையில்லை. கரன்ட்டும் சூடும் துளியும் ஆடாமல் இருக்க வேண்டும். கரன்ட்டை 1.14-ல் அசையாமல் நிறுத்தக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, கொலு முடிந்தபிறகு போக வேண்டிய வழி அதுவாகவும் இருக்கலாம். பெரிய வாட் வாங்கக் காசு போதும். சின்ன வாட்டை நிலையாக நிறுத்தக் கை தேற வேண்டும்.

சித்திரை வீதி வீட்டில் அன்று ராத்திரியே ஆர்டர் போட்டாயிற்று. பேரன் பட்டியலில் முதலில் டயோடு, பிறகு லென்ஸ், பிறகு டிரைவர் என்று இருந்தது. கடைசியில், காசு மிஞ்சினால் கண்ணாடி. தாத்தா பேனாவை வாங்கி வரிசையைத் தலைகீழாக மாற்றிவிட்டார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்ததை இரண்டு ஆக்கினார்.

"ரெண்டு எதுக்கு தாத்தா?"

"நீ பற்றவைக்கறப்ப பக்கத்துல நான் இருப்பேனோல்லியோ?"

பாட்டி பரணிலிருந்து இறங்கி, கோபுரத்துக்கு இடம் விட்டுப் படிகளை மறுபடி அளக்கப் போனார்.